பார்க்க ஆளில்லாத மேடைகள்

1994ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் பிரிசில்லா, குயின் ஆஃப் தி டெசர்ட்’ என்ற ஆஸ்திரேலியத் திரைப்படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் உடைகளிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். செம்மண் வெளியில் ஊர்ந்து செல்லும் பேருந்தின் கூரைமேல் பிரம்மாண்டமான வெள்ளிக் காலணி ஒன்றும், அதில் அமர்ந்திருப்பவரின் பின்னால் கொடிபோல் பறக்கும் வெள்ளித் துணியும் கொண்ட அந்தக் காட்சியை, படத்தைப் பார்க்காதவர்கள்கூட எங்காவது கண்டிருப்பார்கள். நான் அதற்கு எதிர்ப்புறத்திலிருந்து, அதாவது மேடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்களிடமிருந்து, இந்தப் படத்தை அணுக விரும்புகிறேன். ஸ்டீஃபன் எலியட் எழுதி இயக்கிய இந்த நகைச்சுவை நாடகத்தில் ஒவ்வொரு ஊரும் ஒரு மேடையாக வருகிறது. ஒவ்வொரு மேடைக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது, அல்லது கூட்டமே இல்லை. யார் பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள், பார்ப்பதற்கு ஆளே இல்லாதபோது இந்த மூவரும் என்ன செய்கிறார்கள் என்பதைத் தொடர்ந்து கவனித்தால், வேடிக்கைப் படம் என்று ஒதுக்கப்படும் இதற்குள் எவ்வளவு கறாரான ஒரு சிந்தனை ஓடுகிறது என்பது தெரியவரும்.

சிட்னியின் எர்ஸ்கின்வில் பகுதியிலுள்ள இம்பீரியல் ஹோட்டலில் படம் தொடங்குகிறது. பெண் வேடமிட்டு, ஒலிக்கும் பாட்டுக்கு வாயசைத்து ஆடும் டிராக் கலைஞர்களுக்குப் பெயர்போன மதுக்கூடம் அது. அங்கே மிட்சி என்ற மேடைப் பெயரில் ஆடும் டிக், தன் முழு உள்ளத்தையும் ஒரு பாட்டில் கொட்டிக்கொண்டிருக்கிறார். கீழே இருப்பவர்களோ அதைக் காசுக்குக் கிடைக்கும் பொழுதுபோக்காக மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே, நகரம் இவர்களைப் போற்றுகிறது, நாட்டுப்புறம்தான் இவர்களை வெறுக்கிறது என்ற சுலபமான கணக்கைப் படம் முதல் காட்சியிலேயே கைவிட்டுவிடுகிறது. சொந்த ஊர் மேடையிலும் சலிப்பும் அவமதிப்பும் உண்டு.

நடுக்கண்டத்தில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரின் சூதாட்ட விடுதி ஒன்றில் சில வாரங்கள் ஆட டிக்கிற்கு அழைப்பு வருகிறது. அழைத்தவர் அவருடைய மனைவி. மனைவி என்ற செய்தியே உடன் வருபவர்களுக்கு வழியில்தான் தெரிகிறது. அதற்கு மேல் ஒரு மகனும் இருக்கிறான். உடன் வருபவர்களில் ஒருவர் ஆடம்: இளைஞர், வாய்த்துடுக்கு மிகுந்தவர், யாரையும் சீண்டாமல் அரை மணி நேரம் இருக்கத் தெரியாதவர். மற்றவர் பெர்னடெட்: நடுவயதைத் தாண்டிய திருநங்கை, அண்மையில் தன் இளம் துணைவரை இழந்தவர், சிட்னியின் புகழ்பெற்ற ‘லே கேர்ள்ஸ்’ குழுவில் ஒரு காலத்தில் ஆடியவர். 1963இல் கிங்ஸ் கிராஸ் பகுதியில் தொடங்கிய அந்தக் குழு கற்பனையன்று; ஒரு தலைமுறை ஆஸ்திரேலியர்கள் சிட்னிக்குச் சென்றால் தவறாமல் பார்த்து வந்த நிகழ்ச்சி அது. டிக் பாத்திரத்துக்கும் சிண்டி பாஸ்டல் என்ற மேடைப் பெயரால் அறியப்பட்ட சிட்னிக் கலைஞரின் வாழ்க்கையே அடிப்படை.

நடிகர் தேர்வைப் பற்றி ஓரிரு வரிகள் சொல்லவேண்டும். டிக்காக நடித்த ஹியூகோ வீவிங்கைப் பின்னாளில் ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தின் கறுப்புக் கண்ணாடி அதிகாரியாக நம்மவர்கள் அறிந்தார்கள். ஆடமாக வந்த கை பியர்ஸ் அதற்கு முன் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடரொன்றில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். பெர்னடெட் வேடத்தை ஏற்றவர் ‘சூப்பர்மேன்’ படங்களில் ஜெனரல் ஸாடாக மிரட்டிய ஆங்கில நடிகர் டெரன்ஸ் ஸ்டாம்ப். அறுபதுகளில் அழகுக்குப் பேர்பெற்ற நடிகராக இருந்து, ரோம் நகரில் ஜே. கிருஷ்ணமூர்த்தியைச் சந்தித்து, பின்பு வாய்ப்புகள் வற்றிய காலத்தில் புனேயில் ரஜனீஷின் ஆசிரமத்தில் தங்கியிருந்தவர் அவர். மேடையில் அவருடைய அசைவுகள் சற்று விறைப்பாகவே இருக்கின்றன என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த விறைப்பு பொருத்தமாகவே படுகிறது. ஆயிரம் இரவுகள் ஆடிய ஒருத்தி, இனி யாரையும் கவரவேண்டிய தேவையில்லாதபோது, அப்படித்தான் கையை அசைப்பாள். அவளுடைய பழைய ஆண்பெயரைச் சொல்லி ஆடம் சீண்டும்போது ஸ்டாம்பின் முகத்தில் வரும் கோபமும், கோபம் அடங்கியபின் தங்கிவிடும் களைப்பும் இந்தப் படத்தின் மிக உயர்ந்த நடிப்பு என்பேன்.

பழைய பேருந்து ஒன்றை வாங்கிக்கொண்டு மூவரும் புறப்படுகிறார்கள். ஆடம் அதற்குப் பிரிசில்லா என்று பெயரிடுகிறார். முதல் பெரிய நிறுத்தம் புரோக்கன் ஹில்: வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் தோண்டி வளர்ந்த சுரங்க ஊர், பின்னாளில் உலகப் பெருநிறுவனமான பிஹெச்பி 1885இல் அங்கேதான் பிறந்தது. அங்கே அவர்கள் தங்கும் பேலஸ் ஹோட்டல் இன்றும் உண்டு. சுவரெங்கும் ஓவியங்கள், கூரையில் இத்தாலிய ஓவியர் பொத்திசெல்லியின் வீனஸ் ஓவியத்தின் நகல், விடுதி உரிமையாளரே தீட்டியது. படப்பிடிப்புக்காக எதையும் புதிதாகக் கட்டவேண்டிய அவசியமே இருந்திருக்காது. இரவில் மூவரும் முழு ஒப்பனையுடன் மதுக்கூடத்துக்குள் நுழைய, உள்ளூர்ப் பெண்மணி ஒருத்தி அவர்களை வம்புக்கிழுக்கிறாள். பெர்னடெட் இங்கே எழுதத் தகாத ஒரு பதிலைச் சொல்லி அவளை மடக்கி, பிறகு குடிப்பதிலும் வென்று, கூடத்தையே தன் பக்கம் திருப்பிவிடுகிறார். சாதாரணப் படமாக இருந்தால் ஊர் மனம் மாறிவிட்டது என்று அடுத்த காட்சிக்குப் போயிருக்கும். இங்கே விடிந்ததும் பேருந்தின் பக்கவாட்டில், எய்ட்ஸைச் சொல்லித் திட்டி, ஊரைவிட்டு ஓடச் சொல்லும் வசவு பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கிறது.

இதன் கனத்தை உணர அந்தக் காலத்தை நினைவில் கொள்ளவேண்டும். 1987இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகளில் ஓர் அரசு விழிப்புணர்வு விளம்பரம் ஒளிபரப்பானது. அரிவாளேந்திய மரண உருவம் ஒன்று, நிற்கவைக்கப்பட்ட மனிதர்களைப் பந்துருட்டிச் சாய்ப்பதாக அது அமைந்திருந்தது. நோயைப் பற்றி எச்சரிக்க எடுக்கப்பட்ட அது, நோயாளிகளைக் கண்டு அஞ்சவும் பலருக்குக் கற்றுக்கொடுத்தது. படம் எடுக்கப்பட்ட 1993இல், மரணத்தைத் தள்ளிப்போடும் கூட்டு மருந்துச் சிகிச்சை இன்னும் வந்திருக்கவில்லை. சிட்னியின் இந்தச் சமூகம் நண்பர்களை வரிசையாக அடக்கம் செய்துகொண்டிருந்தது. படமோ அந்நோயைப் பற்றி வேறெங்கும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. அந்த ஒரு வசவில் மட்டும் அது வருகிறது. பெர்னடெட்டின் துணைவரின் சவ அடக்கத்தை முன்பகுதியிலேயே வைத்து, அந்தச் சாவுக்கு மட்டும் அபத்தமான வேறொரு காரணத்தைக் கற்பித்த திரைக்கதையின் சாமர்த்தியத்தை நான் இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்கிறேன். சாவைச் சிரிப்பாக்கவேண்டிய தேவை அன்று அவர்களுக்கு இருந்தது. டிக் அந்த எழுத்துகளைப் பார்த்து உடைந்துபோகிறார். பிறகு, பேருந்து பழுதாகி நடுவெளியில் நிற்கும்போது, ஆடம் அதன்மீது இளஊதா வண்ணத்தைப் பூசுகிறார். புகழ்பெற்ற அந்த வண்ணம் ஒரு வசவை மறைக்கப் பூசப்பட்டது என்பதை ரசிகர்களே பல சமயம் மறந்துவிடுகிறார்கள்.

கூரைமேல் வெள்ளிக் காலணியில் ஆடம் அமர்ந்து வெர்டியின் ‘லா டிராவியாட்டா’ ஆப்பெராவின் பாடலுக்கு வாயசைப்பது இந்தப் பயணத்தில்தான். என்றும் சுதந்திரமாக இருப்பேன் என்று பாடும் வயலெட்டா அந்த ஆப்பெராவில் காசநோயால் சாகிறாள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், பாட்டுத் தேர்வு தற்செயலாகத் தோன்றவில்லை. சுற்றிலும் நூறு மைலுக்கு ஆளில்லை. பார்வையாளர் என்று எவருமே இல்லாத இந்த ஆட்டம்தான் படத்தின் மிக ஆடம்பரமான ஆட்டம்.

பழுதான பேருந்தருகே அவர்களைக் கண்டெடுப்பவர் ஆதிக்குடியைச் சேர்ந்த ஒருவர். அன்றிரவு அவருடைய மக்கள் கூடியிருக்கும் நெருப்பின் முன் மூவரும் ஆடுகிறார்கள். ஆதிக்குடியினரின் நீண்ட மரக்குழலான டிட்ஜெரிடூவின் ஒலி டிஸ்கோ பாட்டுக்குள் கலக்கிறது. அழைத்து வந்தவரும் பெண்ணுடை அணிந்து ஆட்டத்தில் சேர்ந்துகொள்கிறார். முழுப் படத்திலும் பார்வையாளர்கள் எழுந்துவந்து கலந்துகொள்ளும் மேடை இது ஒன்றே. ஒதுக்கப்பட்டவர்கள் ஒதுக்கப்பட்டவர்களை அறிந்துகொள்கிறார்கள் என்று இக்காட்சியைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். பாராட்டில் நானும் பாதி உடன்படுகிறேன். ஆனால் மறுநாள் பேருந்து நகர்ந்ததும் அந்த மக்கள் கதையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். சொந்தக் கவலையோ கதையோ இல்லாமல், வந்தவர்களை மகிழ்விப்பதற்காகவே அங்கே உட்கார்ந்திருந்தவர்கள்போல் ஆகிவிடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய பிழை அடுத்த ஊரில் நிகழ்கிறது. பேருந்தைப் பழுதுபார்க்க வரும் பாப் என்ற மெக்கானிக், பில் ஹன்டர் நடித்த அருமையான மனிதர். இளமையில் சிட்னியில் ‘லே கேர்ள்ஸ்’ பார்த்த நினைவை இன்னும் பொக்கிஷமாக வைத்திருப்பவர். அவருடைய ஆர்வத்தால் ஊர் மதுக்கூடத்தில் நிகழ்ச்சி ஏற்பாடாகிறது; குடியர்கள் மரம்போல் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அப்போது பாபின் பிலிப்பைன்ஸ் மனைவி சிந்தியா மேடையேறி, பாங்காக் விடுதிகளின் பெயரோடு ஒட்டிக்கொண்ட மேசைப்பந்து வித்தையைச் செய்துகாட்ட, கூட்டம் ஆரவாரிக்கிறது. இனத்தையும் பெண்ணையும் ஒருசேரக் கேலிசெய்யும் இந்தப் பாத்திரத்துக்கு அன்றே ஆஸ்திரேலியாவில் வாழும் பிலிப்பைன்ஸ் மக்களிடமிருந்து கண்டனம் எழுந்தது. அது நியாயமான கண்டனம். சிந்தியாவின் உச்சரிப்பு சிரிப்பு; கோபம் சிரிப்பு; கணவனைவிட்டு அவள் போவதும் சிரிப்பு. தங்களைக் கேலிப்பொருளாக்குகிறவர்கள்மீது சீறும் மூவரை நடுவில் வைத்த படம், தானே ஒருத்தியைக் கேலிப்பொருளாக்கும்போது சிறிதும் கூசவில்லை. காட்சி அமைப்பில் ஒரு கூர்மை உண்டு என்பதை மறுக்கவில்லை: இந்த ஊருக்கு வேண்டியது கலையன்று, கொச்சை என்று அது காட்டுகிறது. அதைக் காட்டச் சிந்தியாவைப் பலிகொடுத்திருக்க வேண்டியதில்லை.

அதற்கடுத்த ஊர் கூபர் பீடி. 1915இல் ஓப்பல் கல் கண்டெடுக்கப்பட்ட நாள்முதல் மனிதர்கள் வெயிலுக்கு அஞ்சி நிலத்தைக் குடைந்து வீடு கட்டிக்கொண்ட ஊர், அடிலெய்டுக்கு வடக்கே சுமார் 850 கிலோமீட்டர். இங்கே நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஆடம் தானாக ஒரு நிகழ்ச்சியை உருவாக்கிக்கொள்கிறார். போதை ஏறிய நிலையில், பெண்ணாக ஒப்பனை செய்துகொண்டு, குடித்துக்கொண்டிருக்கும் சுரங்கத் தொழிலாளர்கள் நடுவில் போய் நின்று குழைகிறார். உண்மை தெரிந்ததும் துரத்துகிறார்கள், பிடிக்கிறார்கள். அந்தச் சில நிமிடங்களில் படத்தின் நிறமே மாறிவிடுகிறது. பாபும் பெர்னடெட்டும் வந்து மீட்கிறார்கள். அடிக்க வந்தவனைப் பெர்னடெட் முழங்காலால் ஒரே இடியில் மடக்குகிறார்.

இந்தக் கும்பல் வன்முறை நிகழ்வது தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் என்பதை ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம். 1972இல் அடிலெய்டில் ஜார்ஜ் டங்கன் என்ற சட்ட விரிவுரையாளர் டாரன்ஸ் ஆற்றில் தள்ளப்பட்டு மூழ்கி இறந்தார். அதன்பின் எழுந்த கொந்தளிப்பில், 1975இல், தன்பாலுறவைக் குற்றமல்ல என்று ஆக்கிய முதல் ஆஸ்திரேலிய மாநிலம் அதுவாயிற்று. சிட்னியைத் தலைநகராகக் கொண்ட நியூ சவுத் வேல்ஸ் அதற்கு 1984வரை காத்திருந்தது. ஆகவே ஆடம் அடிவாங்கும் இடத்தில் சட்டம் பதினெட்டு ஆண்டுகளாக அவர் பக்கம் இருந்திருக்கிறது. இருட்டில் சுற்றிவளைத்தவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

அடிபட்ட ஆடமுக்கு அன்றிரவு பெர்னடெட் சொல்லும் சொற்களில் ஆறுதலைவிட அனுபவமே அதிகம். நாம் ஓயாமல் வைது தீர்க்கும் அந்த நகரம்தான், அதன் விசித்திரமான வழியில், நம்மைக் காத்துவந்திருக்கிறது. நகரைச் சுற்றி வரிசை வரிசையாக நிற்கும் அந்தப் புறநகர் வீடுகள் வெளியிலிருப்பவர்களை உள்ளே விடாமல் தடுக்கவா, நம்மை வெளியே விடாமல் தடுக்கவா என்பது தெரியவில்லை என்ற கருத்தில் அவர் பேசுகிறார். சண்டையிடத் தனக்குத் தெரிந்திருப்பது, கற்றுக்கொண்டே தீரவேண்டியிருந்ததால்தான் என்கிறார். அதுவரை ஒருவரையொருவர் குத்திக்காட்டியே வந்த இருவரிடையே முதன்முறையாக மென்மை பிறக்கிறது. ஸ்டாம்ப் இந்த வசனத்தை உணர்ச்சியேற்றாமல், ஏறக்குறையக் கணக்கு ஒப்பிப்பதுபோல், சொல்லிமுடிக்கிறார்.

இனி உடைகள். லிஸ்ஸி கார்டினரும் டிம் சாப்பலும் மிகச் சொற்பமான தொகையில் அவற்றை உருவாக்கினார்கள். டிக் அணியும் உடையொன்று மலிவான ரப்பர்ச் செருப்புகளைக் கோத்துச் செய்தது, காதணிகளும் செருப்புகளே. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மேடையில் ஈமுப் பறவைகளாகவும் கழுத்துச் சவ்வை விரிக்கும் பல்லிகளாகவும் மூவரும் வருகிறார்கள். ஒரு கண்டத்தின் உயிரினங்களையெல்லாம் பளபளப்புத் துணியில் நையாண்டி செய்யும் வரிசை அது. பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரசவையின் பட்டும் சரிகையும் நிறைந்த ‘குயின் மார்கோ’ போன்ற படங்களோடு போட்டியிட்டு, 1995இல் ஆடை வடிவமைப்புக்கான ஆஸ்கார் விருதை இந்தச் செருப்புடைப் படம் வென்றது. விருதை வாங்க கார்டினர், காலாவதியான தங்கநிற அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கடன் அட்டைகள் 254ஐக் கோத்த உடையில் மேடையேறினார். படத்தின் குணத்தை அதைவிடச் சுருக்கமாக எந்த விமர்சகரும் சொல்லிவிடவில்லை.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் டிக் அஞ்சும் பார்வையாளன் ஒருவனே: தன் மகன் பெஞ்ஜி. வழியெங்கும் வசவுக்கும் கும்பலுக்கும் நடுவே வந்தவர், மேடையிலிருந்து அந்தச் சிறுவனின் முகத்தைக் கண்டதும் மயங்கி விழுகிறார். பிறகு மகன்முன் ‘ஆண்மை’யுள்ள தகப்பனாகத் தோன்ற அவர் படும் பாட்டை வீவிங் மிக நுட்பமாகச் செய்திருக்கிறார்: குரல் தாழ்கிறது, தோள்கள் விறைக்கின்றன, சொற்கள் குறைகின்றன. பெண் வேடத்தில் இயல்பாக இருந்த மனிதர், ஆண் வேடம் போட்டதும் மோசமான நடிகராகிவிடுகிறார். சிறுவனுக்கோ எல்லாம் முன்பே தெரியும். தாய் எதையும் மறைத்து வளர்க்கவில்லை. சிட்னியில் அப்பாவுக்குத் துணைவர் யாரும் இருக்கிறாரா என்றும், அபா குழுவின் பாட்டுக்கு ஆடிக்காட்ட முடியுமா என்றும் அவன் சாதாரணமாகக் கேட்கிறான். குழந்தையைக் கொண்டு சிக்கலை அவிழ்ப்பது சற்றே வசதியான வழிதான். ஆனாலும் அந்தக் காட்சியை நான் நம்புகிறேன்.

ஆடமின் ஆசை, முழு ஒப்பனையோடும் குதிகால் காலணியோடும் பாலைவனத்துப் பாறையொன்றின் உச்சியில் நிற்பது. படக்குழுவினர் முதலில் மனத்தில் கொண்டிருந்தது உலுரு. 1985இல் தன் உரிமையாளர்களான அனாங்கு மக்களிடம் திருப்பியளிக்கப்பட்ட புனிதமான பாறை அது, அனுமதி கிடைக்கவில்லை. எனவே மூவரும் கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கின் விளிம்பில் இறகுகள் காற்றில் பறக்க ஏறுகிறார்கள். இந்த மறுப்பால் படத்துக்கு நன்மையே விளைந்தது என்பது என் எண்ணம். அஞ்சலட்டைப் பாறையாக இருந்திருந்தால் நம் கண் பாறையைப் பார்த்திருக்கும். இங்கே மூச்சுவாங்கும் மூன்று மனிதர்களைப் பார்க்கிறது. கைதட்ட இங்கும் ஆளில்லை.

அடுத்த ஆண்டே ஹாலிவுட்டில் பேட்ரிக் ஸ்வேஸி, வெஸ்லி ஸ்னைப்ஸ், ஜான் லெகுவிசாமோ நடிக்க, இதேபோல் மூன்று டிராக் கலைஞர்கள் வண்டியேறிப் போகும் படமொன்று வந்தது. அதில் அவர்கள் சிக்கிக்கொள்ளும் சிற்றூர் முழுவதும் இறுதியில் திருந்திவிடுகிறது. பெண்களுக்குத் துணிவு வருகிறது, முரடர்களுக்கு மரியாதை வருகிறது. நல்லெண்ணம் கொண்ட படமே. ஆயினும் அந்த மூவரும் ஊருக்கு உபகாரம் செய்துதான் ஊரில் இருக்கும் உரிமையைப் பெறவேண்டியிருக்கிறது. பிரிசில்லாவில் எந்த ஊரும் திருந்துவதில்லை. திருத்தும் பொறுப்பை அவர்கள்மீது எவரும் சுமத்துவதுமில்லை. ஆடுகிறார்கள், கிளம்புகிறார்கள்.

திரைக்கு வெளியே மட்டும் கதை வேறாகப் போயிற்று. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் பிரிசில்லாவுக்கு ஓர் இடம் கிடைத்தது. 2006இல் சிட்னியில் இசைநாடகமாகி, லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சென்றது. வசவு எழுதப்பட்ட அதே புரோக்கன் ஹில்லில் 2015முதல் இந்தப் படத்தின் பெயரால் ஆண்டுதோறும் டிராக் திருவிழா நடக்கிறது. தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அசல் பேருந்து, 1976ஆம் ஆண்டு ஹினோ வண்டி, நியூ சவுத் வேல்ஸின் வடக்கே யூவிங்கர் என்ற சிற்றூரில் துருப்பிடித்துக் கிடந்தது கண்டறியப்பட்டு, தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் ஒன்றுக்காகச் சீரமைக்கப்படும் என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. ஸ்டாம்ப் 2025 ஆகஸ்டில் காலமானார்.

படத்தின் முடிவில் டிக்கும் ஆடமும் சிறுவனோடு சிட்னிக்குத் திரும்ப, பெர்னடெட் பாபுடன் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே தங்கிவிடுகிறார். இளமையில் தன்னைப் பார்த்து மறக்காத ஒரே ஒரு பார்வையாளருக்காக மேடையை விட்டுவிடும் அந்த முடிவைத் திரைக்கதை சிறிதும் விளக்காமல் விட்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இம்பீரியல் ஹோட்டலில் அபா பாட்டுக்கு இருவர் ஆடுகிறார்கள்; பெயர்கள் ஓடுகின்றன. அவை ஓடி முடிந்தபின், ஆடம் பாலைவனத்தில் பட்டமாகப் பறக்கவிட்ட ஊதுபொம்மை ஆசியாவின் ஏதோ ஒரு கோயிலருகே போய் விழுவதாக ஒரு சிறு வேடிக்கை வருகிறது. சிந்தியாவைச் சிரிப்பாக்கிய அதே கைதான் அதையும் எழுதியிருக்கிறது; அதற்குமுன் எழுந்துவிட்டால் இழப்பொன்றுமில்லை.